அரக்குப் பலகையும் பொன் விளிம்பும்



அரக்கு என்றவுடன் நம் நினைவிற்கு வருவது, மரக்கிளைகளில் சிறு பூச்சிகள் சேர்த்து வைக்கும் செந்நிறப் பொருளாகும். ஜப்பானியர் கையாளும் அரக்கோ உருஷி என்னும் மரத்தின் பால். அதனை மரப்பலகையின்மீது மெல்லிய படலமாகப் பூசி, ஈரக்காற்று நிறைந்த பெட்டியில் வைத்து இறுகச் செய்வர். பூசுவதும் தேய்ப்பதும் பன்முறை நிகழும். பொற்பொடி தூவிச் சித்திரமும் தீட்டுவர். ஒரு பேழை முற்றுப்பெறப் பல மாதங்கள் செல்லும்.

1641 முதல் நாகசாகியை அடுத்த தெஜிமாத் தீவில் தங்கி வாணிகம் செய்த டச்சுக்காரர், இப்பொருள்களை ஐரோப்பாவிற்குக் கொண்டு சென்றனர். அங்கே அந்த மரமும் இல்லை. அதன் பாலும் இல்லை. ஆகவே பாரிஸ் நகர வணிகர் வேறு வழி கண்டனர். பேழைகளையும் திரைகளையும் அறுத்து, பின்புற மரத்தை இழைத்து நீக்கி, எஞ்சிய மெல்லிய ஏட்டைப் புதிய பெட்டிகளின் வளைந்த முகப்பில் ஒட்டச் செய்தனர். பொன்முலாம் பூசிய வெண்கலக் கொடிகள் ஒட்டின் விளிம்புகளை மறைத்தன. அவற்றைக் காத்தும் நின்றன. 1737-இல் பிரெஞ்சு அரசி மேரி லெசின்ஸ்காவின் பொந்தேன்புளோ அரண்மனைக்கு அளிக்கப்பெற்ற இழுப்பறைப் பெட்டி இவ்வகையினது. இன்று அது லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. இத்தகைய பெட்டிகள் பலவற்றில் பிரெஞ்சுத் தச்சரின் முத்திரை உண்டு. அரக்குப் பூசியவர் பெயர் இல்லை.

நம் கரைக்கும் இக்கதையில் பங்கு உண்டு. சீனர் செய்த செதுக்கு அரக்குத் திரைகள் சோழமண்டலக் கரைத் துறைமுகங்களின் வழியே மேற்கே சென்றமையால், ஐரோப்பியர் அவற்றைக் ‘கோரமண்டல்’ என்றே அழைத்தனர். செய்தவர் நாடு மறைந்தது. கப்பல் நின்ற கரை பெயர் பெற்றது.

ஐதராபாத்தில் வாழ்வோர்க்கு இங்கே பிதரி வேலை நினைவிற்கு வரலாம். துத்தநாகத்தோடு சிறிது செம்பு கலந்து வார்த்து, வெள்ளி பதித்து, பீதர்க் கோட்டை மண்ணால் கருமையேற்றும் தொழில் அது. ஹூக்காவின் அடிக்குடம் செய்தவர்கள், பின்னர் மேனாட்டார் விருப்பமறிந்து சிகரெட்டுப் பெட்டிகளும் செய்தனர். 1851-இல் இலண்டன் பெரும் பொருட்காட்சியிலும் இவ்வேலை இடம்பெற்றது. இங்கே வடிவத்தை மாற்றியவர் கைவினைஞரே. ஆதலின் தொழில் அவர் கையைவிட்டு அகலவில்லை.

வாங்குவோர் சுவைக்கு இசைந்து செய்வது இழுக்கன்று. பாலாநகர்ப் பட்டறைகளிலும் பிறர் தரும் வரைபடத்தின்படியே உலோகம் கடைகின்றனர். ஆனால், அரக்குப் பலகை அறுபட்டபோது அதனைச் செய்தவரை எவரும் கேட்கவில்லை. பிரெஞ்சுக் கொல்லரின் திறமையும் குறைவுடையதன்று. எனினும் அருங்காட்சியகத்தில் இத்தகைய பொருளைக் காணுங்கால், பொன்னின் ஒளியோடு நின்றுவிடாது, அது சூழ்ந்திருக்கும் கரும்பரப்பையும் சற்றே நின்று நோக்குவோமாக.