ஒரே கோலால் அளப்போம்

(திங்கள் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முப்பது ஆண்டுகளாக விடைத்தாள் திருத்தி வருபவன் நான். ஒரு பள்ளி மாணவன் எண்பது மதிப்பெண் பெற்றான். அடுத்த பள்ளி மாணவன் அறுபது பெற்றான். இருவருள் நன்கு கற்றவன் யார்? இருவரும் எழுதியது ஒரே வினாத்தாள்தானா என்று கேளாமல் இதற்கு விடை சொல்பவன் ஆசிரியன் அல்லன். இரு நாட்டு மக்களின் உடல்நலத்தை ஒப்பிடுவோரும் முதலில் எழுப்ப வேண்டிய வினா இதுவே.

எங்கள் ஆட்சியில் குழந்தைச் சாவு குறைந்துவிட்டது என்று எந்த அமைச்சரும் மேடையில் முழங்கலாம். பிறப்பும் இறப்பும் முறையாகப் பதியப்படாத சிற்றூர்களில் அம்முழக்கத்தை உரைத்துப் பார்க்கக் கல் ஏது? அந்த உரைகல்லாக வந்ததுதான் வீடுவீடாகச் சென்று கேட்கும் கணக்கெடுப்பு. 1984-இல் அமெரிக்க அரசின் பொருளுதவியால் தொடங்கப்பெற்ற மக்கள்தொகை உடல்நலக் கணக்கெடுப்புத் திட்டம், தொண்ணூறு நாடுகளில் ஏறத்தாழ ஒரே வினாத்தாளைக் கொண்டு சென்றது. 1992-93 முதல் இந்தியாவில் நடைபெற்று வரும் குடும்ப நலக் கணக்கெடுப்பும் அதே வழியில் வந்ததே. 15 முதல் 49 அகவை வரையுள்ள பெண்களிடம், நீங்கள் ஈன்ற மக்கள் எத்தனை பேர், ஒவ்வொருவரும் பிறந்தது எந்த ஆண்டு எந்தத் திங்கள், இருக்கின்றனரா, இல்லையெனில் எத்தனை அகவையில் இறந்தனர் என்று ஒவ்வொன்றாகக் கேட்பர். ஐந்து அகவைக்கு உட்பட்ட குழந்தைகளை நிறுத்து எடை காண்பர்; உயரமும் அளப்பர். இங்கே சான்று சொல்பவர் அமைச்சர் அல்லர். குழந்தையைப் பெற்று வளர்த்தவளும், சிலபோது புதைத்தவளுமான தாய்.

இனி விடைத்தாள்களைப் பார்ப்போம். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஐந்து அகவை நிரம்புமுன் இறப்போர் எத்தனை பேர்? இந்தியாவில் 1992-93 கணக்கெடுப்பின்படி 109. வங்காளதேசத்தில் 1993-94-இல் 133. நேபாளத்தில் 1996-இல் 118. மூவருள் முன்னின்றது இந்தியா. பின்னர் என்ன நேர்ந்தது? இந்தியா 2019-21-இல் 42 என்று இறங்கியது. நேபாளம் 2022-இல் 33. வங்காளதேசம் அதே ஆண்டில் 31. பின்தங்கிய இருவரும் முந்திச் சென்றுவிட்டனர். பாக்கித்தானில் 2017-18-இல் 74. அதே ஆண்டுகளில் வங்காளதேசத்தில் 45. 1971 வரை ஒரே ஆட்சியின் கீழ் இருந்த இரு மண்களுக்கு இடையே இத்துணை இடைவெளி!

அகவைக்கேற்ற உயரம் இல்லாமல் குன்றிய குழந்தைகளின் கணக்கும் இதையே சொல்கிறது. வங்காளதேசத்தில் 2004-இல் நூற்றுக்கு 51, 2022-இல் 24. நேபாளத்தில் 2001-இல் 57, 2022-இல் 25. இந்தியாவில் 2005-06-இல் 48, 2019-21-இல் 36. ஆண்டுகள் ஒன்றுக்கொன்று சற்று முன்பின்னானவை என்பதை மறவேன். தாயின் நினைவும் சிலபோது தவறும். ஆயினும் அந்தத் தவறு எல்லா நாட்டுத் தாய்மார்க்கும் பொதுவானது, கோலும் ஒன்றே. எனவே இந்த வேறுபாட்டைக் கணக்குப் பிழை என்று தள்ளிவிட முடியாது.

பணம்தான் கரணியமோ? 1990-களில் வங்காளதேசம் இந்தியாவைவிடவும் பாக்கித்தானைவிடவும் ஏழை நாடு. ஆகவே பணம் முதற்கரணியம் அன்று. பின் எது?

ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன். 1971 விடுதலைப் போரின்போது எல்லை கடந்து வந்த ஏதிலியர், மேற்கு வங்கத்துப் போங்கானில் கக்கற்கழிச்சலால் மடிந்துகொண்டிருந்தனர். ஊசிவழி ஏற்றும் உப்புநீர் தீர்ந்தது. மருத்துவர் திலீப் மகலனாபிசு உப்பும் இனிப்பும் கலந்த நீரை வாய்வழியே ஊட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. வங்காளதேசம் இப்பாடத்தை மறக்கவில்லை. 1980 முதல் பத்தாண்டுக் காலம் பிராக்கு என்னும் தொண்டு நிறுவனத்தின் பெண்கள் ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்குச் சென்று, மூவிரல் அளவு உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் நீர் என்று தாய்மார்க்குக் கலந்து காட்டினர். மாத்திரையும் இல்லை, பொட்டலமும் இல்லை. அடுக்களையில் உள்ள பொருள்களே மருந்து. கற்பித்தவளுக்குக் கூலி எவ்வாறு தெரியுமா? சில நாள் கழித்து வேறொருவர் சென்று, தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்று சோதித்து, அதற்கேற்பவே ஊதியம் தந்தனர். மாணவன் கற்றால்தான் ஆசிரியனுக்குக் கூலி! என்னைப் போன்றோர் நாண வேண்டிய முறை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு; தமிழாசிரியன் என்பதால் அதில் சற்று நிற்கிறேன். இவ்வளவு கற்பித்தும், குழந்தைக்குக் கழிச்சல் கண்டபோது அந்நீரைக் கொடுத்தோர் தொகை குறைவாகவே கணக்கில் வந்தது. ஏன் என்று ஆராய்ந்தனர். ஊர்த் தாய்மாரிடம் கழிச்சலுக்கு ஒரு சொல் இல்லை; நான்கு சொற்கள் இருந்தன! பால்குடிக் குழந்தைக்கு வருவது ஒன்று. செரியாமையால் வருவது ஒன்று. சீதத்தோடு வருவது ஒன்று. நீராய்ப் போகும் கொடியது ஒன்று. இந்த நான்காவதை மட்டுமே அவர்கள் ‘டயரியா’ என்றனர். அதற்கே பெரிதும் உப்புநீர் கொடுத்தனர். மருத்துவன் ஒரு சொல்லால் நான்கையும் குறித்தான். தாய் அதே சொல்லால் ஒன்றை மட்டும் குறித்தாள். நம் பாட்டியரும் மாந்தம் வேறு, சீதக்கழிச்சல் வேறு என்று பிரித்தறிந்தவர்களே. மக்கள் சொல்லை அறியாதவன் மக்கள் நோயை எண்ண முடியாது. வினாத்தாளை மொழிபெயர்த்தால் மட்டும் கோல் ஒன்றாகிவிடாது. கேட்பவளும் கேட்கப்படுபவளும் ஒரே பொருளை எண்ண வேண்டும். தாய்மொழியை நாம் வலியுறுத்துவது வெறும் உணர்ச்சி என்பார்க்கு இதுவே என் விடை.

வேறு கரணியங்களும் உண்டு. 2005-06-இல் இந்திய வீடுகளுள் நூற்றுக்கு 55-இல் கழிப்பறை இல்லை. 2007-இல் வங்காளதேசத்தில் அந்நிலை பத்துக்கும் குறைவு. நேபாளத்தில் 1988 முதல் ஊர்ப்பெண்களே நலத்தொண்டர்களாகி வீடுவீடாகச் செல்கின்றனர். பெண் பெண்ணிடம் சென்று பேசியதே இவ்விரு நாடுகளிலும் பொதுவாக நிகழ்ந்தது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நாட்டு எண் ஒன்றுக்குள் பல எண்கள் மறைந்து கிடக்கின்றன. 2019-21-இல் இந்தியாவின் 42-க்குள் உத்தரப்பிரதேசத்தின் 60-உம் உண்டு. தமிழ்நாட்டின் 22-உம் உண்டு. கேரளத்தின் 5-உம் உண்டு. 22 என்றவுடன் கைதட்டத் தோன்றும். பொறுங்கள்! அதே கணக்கில், தமிழ்நாட்டில் உயரம் குன்றிய குழந்தைகள் நூற்றுக்கு 25. நேபாளத்துக்கும் 25, வங்காளதேசத்துக்கு 24. தொழிலும் கல்வியும் மருத்துவமனையும் மிகுந்த நாம், நம்மினும் எளிய அண்டையாரோடு ஒரே படியில் நிற்கிறோம். நம் பெண்களுள் நூற்றுக்கு 53 பேர் குருதிக்குறைவு உடையோர். பழம்பெருமை பேசி இந்த எண்ணை அழிக்க முடியாது. இதை மறைப்பவன் தமிழுக்கு நண்பன் அல்லன்.

இறுதியாக ஒன்று. இத்தனை நாடுகளை அளந்த அந்தக் கோல் அயலான் பணத்தில் செய்தது. 2025-ஆம் ஆண்டு பிப்பிரவரியில் அமெரிக்க அரசு அப்பணத்தை நிறுத்தியது. பல நாடுகளில் பணி நடுவழியில் நின்றது. பின்னர் அறக்கட்டளை ஒன்றின் இடைக்கால உதவியால் ஒரு பகுதியே தொடர்ந்தது. ஒருவன் பணப்பை மூடினால் நாற்பதாண்டு ஒப்பீடு அறுந்துபோகும் நிலை! கடன் வாங்கிய மரக்காலால் களம் அளப்பவனின் கதை இது. அண்டை நாடுகள் தத்தம் பொருளில், தத்தம் மொழியில், ஆனால் தம்முள் ஒத்த வினாக்களோடு இப்பணியைத் தாங்களே ஏற்க வேண்டும். வினா வேறுபட்டால் ஒப்பீடு சாகும். ஒப்பீடு செத்தால் ஆள்வோர் சொல்வதே கணக்காகும்.

இளைஞர்காள்! கணக்கெடுப்பாளர் உங்கள் வாயிலுக்கு வந்தால் கதவைச் சாத்தாதீர்கள். உங்கள் தாயும் தமக்கையும் மெய்யுரைக்கத் துணைநில்லுங்கள். கணக்கு வெளிவந்தால் உங்கள் மாவட்டத்தின் எண்ணைத் தேடிப் படியுங்கள். ஊர்க் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். நம் குழந்தைகள் நிமிர்ந்து வளரட்டும்! அதை நம் கோலாலேயே அளந்து காண்போம்!