வீட்டுக் கடனும் ஐம்பது வெள்ளியும்

(ஆலய மண்டபத்தில் நடைபெற்ற குடும்ப நாள் நிகழ்ச்சியில், ஆலய நிர்வாகக் குழு உறுப்பினரும் ஓய்வுபெற்ற ஆசிரியருமான ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பக்தி இலக்கியம் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். இன்று வரவு செலவு பற்றித்தான் பேசப் போகிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

நமது ஆலயத்தில் ஆண்டு தவறாமல் உபயம் செய்துவந்த குடும்பம் ஒன்று. குடும்பத் தலைவர் என்னிடம் படித்தவர். சில ஆண்டுகளுக்கு முன் பிள்ளையின் கல்வி உதவிக்கு மனு எழுத என்னிடம் வந்தார். மனுவோடு இணைக்க வேண்டிய தாள்களைப் புரட்டியபோது நடுவே ஏல அறிவிப்பு ஒன்று இருந்தது. அவர் குடியிருக்கும் வீட்டுக்கு! "ஏனப்பா முன்னமே சொல்லவில்லை?" என்று கேட்டேன். "வெட்கமாக இருந்தது, சார்" என்றார். ஆறு வயதில் ஆத்திசூடி தப்பாகச் சொன்னதற்கு வெட்கப்பட்ட அதே முகம். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்த வீடு கையை விட்டுப் போயிற்று. அவர் இப்போது வாடகை வீட்டில் இருக்கிறார்.

ஆகவே பேச வேண்டியிருக்கிறது.

தோட்டத்து லயத்தில் பிறந்த நம்மில் பலருக்கு, வேலை போனால் வீடும் போகும் என்பது சிறு வயதிலேயே தெரியும். அதனால்தான் சொந்த வீடு என்றால் நமக்கு அத்தனை ஆசை. ஆனால் கையெழுத்துப் போடும் நாளில் மாதத் தவணையை மட்டும் கேட்கிறோம். மொத்தம் எவ்வளவு கட்டப் போகிறோம் என்று கேட்பவர் குறைவு.

கணக்கு ஒன்று சொல்கிறேன். 2 லட்சம் வெள்ளி கடன், 30 ஆண்டுத் தவணை, வட்டி 4.5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 1,013 வெள்ளி. முதல் மாதம் நீங்கள் கட்டும் அந்தத் தொகையில் 750 வெள்ளி வட்டிக்குப் போய்விடும். அசலில் கழிவது 263 வெள்ளிதான். 30 ஆண்டு முடியும்போது வட்டியாக மட்டும் சுமார் 1,64,800 வெள்ளி கொடுத்திருப்பீர்கள். இன்னும் ஒன்று: 20 ஆண்டுகள் ஒரு மாதம் தவறாமல் கட்டிய பிறகும் அசலில் ஏறத்தாழ 97,800 வெள்ளி பாக்கி நிற்கும். மூன்றில் இரண்டு பங்கு காலம் போயிருக்கும். கடன் பாதிதான் குறைந்திருக்கும். வங்கி ஏமாற்றவில்லை. பாக்கி அசலுக்கு வட்டி என்றால் கணக்கு அப்படித்தான் வரும்.

இதே கடனுக்கு முதல் மாதத்திலிருந்து 50 வெள்ளி கூடுதலாகக் கட்டினால் கடன் 27 ஆண்டு 3 மாதத்தில் தீரும். வட்டியில் சுமார் 17,700 வெள்ளி மிச்சம். 100 வெள்ளி கூடுதலாகக் கட்டினால் 25 ஆண்டில் முடிந்துவிடும்; மிச்சம் சுமார் 31,700 வெள்ளி. அதே 100 வெள்ளியை 20 ஆண்டு கழித்துத் தொடங்கினால்? 13 மாதம் குறையும். 2,800 வெள்ளிகூட மிச்சமாகாது. எனவே இங்கே உட்கார்ந்திருக்கும் இளம் தம்பதியருக்குத்தான் இந்தப் பேச்சு. என் வயதுக்காரர்கள் பிள்ளைகளிடம் போய்ச் சொன்னால் போதும்.

என் சொந்தக் கதையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அரசாங்க ஊழியர் வீட்டுக் கடன் அப்போதே 4 விழுக்காட்டுக்குக் கிடைத்தது. மனுப் போட்டுக் காத்திருக்கப் பொறுமையின்றி, 1990-இல் ஒரு வங்கியில் 25 ஆண்டுக் கடன் வாங்கினேன். அது முதல் தவறு. 1998 பொருளாதார நெருக்கடியில் அடிப்படைக் கடன் விகிதமே 12 விழுக்காட்டைத் தாண்டியபோது அதன் வலி தெரிந்தது.

இரண்டாவது தவறு இன்னும் பெரியது. 1992 முதல் மாதம் 50 வெள்ளி கூடுதலாகக் கட்டி வந்தேன். நான்கு ஆண்டு கழித்து அறிக்கையைப் பார்த்தால், அந்தப் பணம் அசலில் கழிக்கப்படவே இல்லை. வரப்போகும் தவணைகளுக்கு முன்பணமாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். வட்டி பழையபடி ஓடிக்கொண்டிருந்தது. முகப்பில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். "நீங்கள் எழுதிக் கொடுக்கவில்லையே, சிக்கு" என்றார். மலாயிலேயே கடிதம் எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகளுக்கு "கேள்வியைக் கவனமாகப் படி" என்று முப்பது ஆண்டு சொன்னவன், கடன் பத்திரத்தைப் படிக்கவில்லை.

ஆகவே கூடுதல் பணம் கட்டும் முன் வங்கியிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பணம் அசலில் கழிக்கப்படுமா, அல்லது முன்பணமாக நிற்குமா? குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் கடனைத் தீர்த்தால் அபராதம் உண்டா? அவசரத்துக்குத் திரும்ப எடுக்க முடியுமா? முழு நெகிழ்வுக் கடன் என்றால், இணைந்த கணக்கில் பணம் கிடந்தாலே அந்த அளவுக்கு வட்டி குறையும், வேண்டும்போது எடுக்கலாம். அதற்குப் பெரும்பாலும் மாதக் கட்டணம் உண்டு. பாதி நெகிழ்வுக் கடனில் கூடுதல் பணத்தைத் திரும்பப் பெற மனு செய்ய வேண்டும். பழைய வகைக் கடனில் எழுத்தில் சொன்னால்தான் காரியம் நடக்கும்.

கையில் கூடுதல் காசே இல்லை என்பவர்களுக்கும் ஒரு வழி. பேங்க் நெகாரா 2025 ஜூலையில் வட்டி விகிதத்தை 3.00-இலிருந்து 2.75 விழுக்காட்டுக்குக் குறைத்தது. தவணை குறைந்ததாகப் பலருக்கு வங்கியிலிருந்து கடிதம் வந்திருக்கும். பழைய தவணையையே கட்டுங்கள். வித்தியாசத்தை அசலுக்கு என்று எழுதிக் கொடுங்கள். நேற்று வரை கட்டிய பணம்தானே!

2020 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை தவணை ஒத்திவைத்தார்களே, அதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பல குடும்பங்களுக்கு அது உயிர்மூச்சு, மறுக்கவில்லை. ஆனால் ஒத்திவைத்தது தவணையைத்தான். வீட்டுக் கடனின் வட்டி அந்த ஆறு மாதமும் ஓடியது.

இனி பக்க வருமானம். என் துணைவியார் முறுக்கு சுட்டு விற்றார். ஒரு புட்டி 15 வெள்ளி. தீபாவளிக்கு நூறு புட்டி போனது. வீடே மகிழ்ச்சியில் மிதந்தது. நான் சிவப்பு மையை எடுத்து உட்கார்ந்தேன். மாவு, உளுந்து, எண்ணெய், எரிவாயு, புட்டி, கொண்டுபோய்க் கொடுத்த பெட்ரோல் எல்லாம் சேர்த்தால் ஒரு புட்டிக்கு 9 வெள்ளி ஆகியிருந்தது. ஆக 1,500 வெள்ளி வருமானம் என்று நாங்கள் நினைத்தது உண்மையில் 600. அதில் அவர் முதுகுவலிக்குக் கணக்கு இல்லை. அதையும் சேர்க்க வேண்டும் என்று அவர் இன்றும் சொல்வார். (மண்டபத்தில் சிரிப்பு.) அந்த 600-ஐ வீட்டுச் செலவோடு கலக்காமல் தனிப் புத்தகத்தில் போட்டு, அப்படியே அசலுக்குக் கட்டினோம். கலந்திருந்தால் பொங்கலுக்குள் காணாமல் போயிருக்கும். நானும் இலாகாவின் அனுமதி பெற்று மாலையில் டியூஷன் எடுத்தேன். 2015-இல் முடிய வேண்டிய கடன் 2008-இல் முடிந்தது.

பூமாலை கட்டுவது, ரவிக்கை தைப்பது, மதிய உணவு எடுத்துக் கொடுப்பது, மருதாணி இடுவது என்று நம் பெண்கள் கையில் இல்லாத தொழில் இல்லை. தம்பிமார் மாலையில் மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோகிறார்கள். முறையாகச் செய்யுங்கள். தனிமனித வியாபாரத்தைப் பதிவு செய்ய, சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயர் என்றால் 60 வெள்ளி. உணவு விற்பவர் உணவு கையாளுவோர் பயிற்சிக்குப் போக வேண்டும். டைபாய்டு தடுப்பூசியும் போட வேண்டும். வருமான வரிப் பாரத்திலும் காட்டிவிடுங்கள்.

கடன் அட்டை பாக்கி இருப்பவர் வீட்டுக் கடனுக்கு ஒரு காசும் கூடுதலாகக் கட்ட வேண்டாம். அட்டைக்கு ஆண்டு வட்டி 15 முதல் 18 விழுக்காடு. முதலில் அதை அடையுங்கள். பிறகு மூன்று மாதச் செலவுக்காவது கையிருப்பு வையுங்கள். அதன் பிறகுதான் அசல்.

சேமநிதியை எடுத்துக் கடனைக் குறைக்கலாமா என்று கேட்பவர்கள் பலர். சட்டப்படி எடுக்கலாம், இப்போது அதற்குரியது அக்காவுன் செஜாத்ரா. ஆனால் 2024-ஆம் ஆண்டுக்குச் சேமநிதி கொடுத்த லாப ஈவு 6.30 விழுக்காடு. 4 விழுக்காட்டுக் கடனை அடைக்க 6 விழுக்காடு ஈட்டும் பணத்தை எடுப்பது, என் பார்வையில், பால் கறக்கும் மாட்டை விற்றுப் பால் வாங்குவதற்குச் சமம். தவணை கட்ட முடியாமல் வீடே போகும் நிலை என்றால் அது வேறு பேச்சு.

அவசரத்துக்குக் கூட்டுப் பிடிக்கலாம் என்பார்கள். நம் தமிழ்ச் சொல்லை அப்படியே தலைப்பில் வைத்து 1971-இல் இந்நாட்டில் தடைச் சட்டமே வந்திருக்கிறது! பெருமைப்படக் கூடிய விஷயமில்லை. சீட்டுப் பிடித்தவர் ஓடிவிட்டால் போலீசில் புகார் கொடுக்கவும் நாக்கு எழாது. ஆலோங் பக்கமோ தலைவைத்தும் படுக்காதீர்கள். தவணை தவறும் நிலை வந்தால், இரண்டாவது மாதத்துக்கு முன்பே வங்கிக்குப் போங்கள். 2006 முதல் ஏ.கே.பி.கே. அமைப்பு கடன் ஆலோசனையை இலவசமாகத் தருகிறது. என் மாணவர் அங்கே போயிருக்கலாம். நானும் அவரை முன்பே விசாரித்திருக்கலாம். உபயச் சீட்டை வாங்கியபோது ரசீதுதான் எழுதினேன். வீட்டு நிலவரம் கேட்கவில்லை.

நிர்வாகக் குழுவில் பேசி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசைக்குப் பின், நூலக அறையில் நானும் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற இரு நண்பர்களும் இருப்போம். உங்கள் கடன் அறிக்கையைக் கொண்டு வாருங்கள். பெயர் எழுதிக்கொள்ள மாட்டோம், கதவு சாத்தியிருக்கும். வங்கிக்குக் கடிதம் எழுத வேண்டுமானால் மலாயில் எழுதித் தருகிறேன். கால்குலேட்டர் என்னிடம் இருக்கிறது. மூக்குக் கண்ணாடியை மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள்.