டார்கெட் ஷீட்டில் இல்லாத பத்து நிமிடம்



இன்று பட்டம் பெறும் உங்களில் பலர் இதே திருப்பூரில் வேலைக்குச் சேரப் போகிறீர்கள். பனியன் கம்பெனியில் மணிக்கு எத்தனை பீஸ் என்று எழுதப்போவது நீங்கள்தான். அதனால்தான் மாதவிலக்கைப் பற்றி உங்களிடம் பேசுகிறேன்.

2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை, தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் வேலை பார்க்கும் சுமார் 100 பெண்களிடம் பேசியது. வயிற்று வலி என்றால் விடுப்பு இல்லை, மாத்திரைதான். அதில் மருந்தின் பெயர் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. கொடுத்தவர்கள் பெரும்பாலும் டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் மருத்துவ அறை வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொல்லியிருந்த நாடு இது!

பெயர் தெரியாத மாத்திரையை ஏன் விழுங்கினார்கள்? எழுந்து போனால் டார்கெட் விழும். காரணம் சொல்லலாம் என்றால், எதிரில் நிற்கும் சூப்பர்வைசர் ஆண். ‘தூரம்’ என்று அம்மாவிடமே காதோடு சொல்லிப் பழகியவள் அவரிடம் எப்படிச் சொல்வாள்? வீட்டில் தனித்தட்டும் தனிப்பாயும் கொடுத்து மூலையில் உட்காரவைக்கிற அதே கூச்சம்தான், கம்பெனியில் அவளை எழவிடாமல் மெஷின் முன்னால் உட்காரவைக்கிறது. தீட்டு என்பது கோயில் வாசலோடு நிற்கும் விஷயம் என்று நான் நம்பவில்லை. இங்கே அது உற்பத்திக்கு உதவுகிறது. எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

2018 நவம்பரில் கஜா புயலன்று, பட்டுக்கோட்டை அருகே அணைக்காட்டில், வயதுக்கு வந்ததால் தனிக்குடிசையில் படுக்கவைக்கப்பட்ட சிறுமி, மரம் விழுந்து இறந்தாள். படித்தவர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள் என்கிறீர்களா? 2025 ஏப்ரலில், பக்கத்துக் கோவை மாவட்டத்துச் செங்குட்டைப்பாளையத்தில், வயதுக்கு வந்த எட்டாம் வகுப்பு மாணவியை வகுப்புக்கு வெளியே படியில் உட்காரவைத்துத் தேர்வு எழுதச் செய்தது ஒரு பள்ளிக்கூடம்.

கோவை அருணாசலம் முருகானந்தம் மலிவு விலை நாப்கின் செய்யும் இயந்திரத்தை உருவாக்கினார். 2016-இல் பத்மஸ்ரீ பெற்றார். 2018 ஜூலையில் நாப்கினுக்கு ஜிஎஸ்டியும் நீங்கியது. நாப்கின் வந்துவிட்டது. அதை மாற்றிக்கொள்ளப் பத்து நிமிடம்தான் இன்னும் பல லைன்களில் வரவில்லை.

அந்தப் பத்து நிமிடம் உங்கள் கையில் இருக்கிறது. லைனுக்கு ஒரு மாற்று ஆள் போடுங்கள். பாத்ரூம் போக யாரிடமும் கேட்கவேண்டாம் என்று முதல் நாளே சொல்லுங்கள். அங்கே நாப்கினும் மூடியுள்ள குப்பைத்தொட்டியும் இருக்கட்டும். மாத்திரையை நர்ஸ் கொடுக்கட்டும், அட்டையோடு. தம்பிகளே, இதைப் பெண்கள் தலையில் கட்டிவிட்டு நகராதீர்கள்; நீங்களும் மாதவிலக்கு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

செலவாகுமே என்று முதலாளி கேட்பார். காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு பீஸுக்கு எத்தனை வினாடி என்று அளக்கக் கற்றவர்கள்தானே நீங்கள்.