ஆஸ்பத்திரி வாசலோடு முடிவதல்ல வைத்தியம்

(கோவையில் பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



மில்லில் கை முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீடு திரும்பினால் லைன் வீடே திரண்டு போய்ப் பார்க்கிறது. மனநோய்க்கு வைத்தியம் பெற்றுத் திரும்புகிறவரைப் பார்க்க யார் போகிறார்கள்? "கீழ்ப்பாக்கத்துல இருந்துட்டு வந்தவனாமா" என்ற பேச்சு அவருக்கு முன்பே வீடு வந்து சேர்ந்துவிடுகிறது. ஓர் ஆஸ்பத்திரி இருக்கும் ஊரின் பெயரையே வசைச்சொல் ஆக்கிவிட்டோம்.

இப்படி ஒதுக்கப்பட்டவர் என்ன ஆகிறார்? வேலை இல்லை, பேச்சுத்துணை இல்லை. 'குணமாகிவிட்டதே' என்று மாத்திரையையும் நிறுத்துகிறார். நோய் திரும்புகிறது. ஏழைக் குடும்பம் கடைசியில் எங்காவது கொண்டுபோய் விட்டு வருகிறது. அதன் முடிவை 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நாடு கண்டது. கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர்.

வேறு வழி உண்டா? உண்டு. 1937லேயே அமெரிக்காவின் சிக்காகோ நகரில் டாக்டர் ஆபிரகாம் லோ, ஆஸ்பத்திரியிலிருந்து வெளியேறியவர்களைக் குழுவாகக் கூட்டினார். அன்றாடம் நேர்ந்த சிறு தொல்லையையும், அதைச் சமாளித்த விதத்தையும் ஒருவர் சொல்வார். மற்றவர்கள் கேட்டுப் பேசுவார்கள். கூட்டத்தை நடத்துகிறவரும் நோயிலிருந்து மீண்டவரே! நம் சென்னையில், கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்குத் தலைமை வகித்த டாக்டர் சாரதா மேனன், ஓய்வு பெற்றபின் 1984ல் 'ஸ்கார்ஃப்' ஸ்தாபனத்தை அமைத்து மறுவாழ்வுப் பணியைத் தொடர்ந்தார். 'பான்யன்' ஸ்தாபனம் 2015 முதல் வேறொன்றைச் செய்துவருகிறது. வருஷக்கணக்கில் உள்ளே கிடந்தவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் வாழ்கிறார்கள். சமைக்கிறார்கள், சந்தைக்குப் போகிறார்கள்.

இது தருமம் அல்ல, உரிமை. குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு. குழு இல்லங்கள் அமைப்பது சர்க்காரின் கடமை என்றும் அதுவே சொல்கிறது. சட்டம் காகிதத்தில் இருந்தால் போதுமா?

வேலை விஷயத்தைப் பாருங்கள். பணியில் இருக்கும்போது ஊனமுற்றவரை நீக்கக்கூடாது என்று 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டம் விதிக்கிறது. மனநோயால் வரும் ஊனமும் அதில் சேரும். ஆனால் அந்த விதி சர்க்கார் ஸ்தாபனங்களுக்குத்தான். தனியார் மில்லில் சங்கம் கேட்டால்தான் உண்டு. தூக்கம் கெட்டால் நோய் திரும்பக்கூடும் என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள். ஆகவே மீண்டு வந்த தொழிலாளிக்கு நைட் ஷிப்டிலிருந்து விலக்கு கேட்போம். மாத்திரையின் மயக்கம் தெளியும்வரை மெஷினை விட்டு வேறு வேலை கேட்போம். தாலுகா ஆஸ்பத்திரியில் மாத்திரை தட்டில்லாமல் கிடைக்கவேண்டும். மாவட்டந்தோறும் குழு இல்லம் வேண்டும் என்று சர்க்காரைக் கேட்போம்.

நாமே செய்யக்கூடியதும் உண்டு. வாரத்தில் ஒருநாள் மாலை சங்க அலுவலகத்தை அவர்களுக்குத் திறந்துவிடுவோம். அங்கே பேசுவது வெளியே போகக்கூடாது. மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரின் பொறுப்பு. கூட்டத்தை அவர்களே நடத்தட்டும். நாம் பாய் விரித்து, டீ வாங்கி வைத்தால் போதும்.

சம்பளத்துக்காக ஒன்றுகூடத் தெரிந்த நமக்கு, ஒரு தோழனைத் தனியாக விடாமலிருக்கவும் தெரியும். அடுத்த வாரமே தொடங்குவோம்!