பேரனுக்கு என்ன வட்டி?

எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "பூமி சூடானா ஆகட்டும்; நம்ம பேரன் நம்மளவிட வசதியா இருப்பான், அவன் பார்த்துக்குவான்" என்றார். (சிரிப்பு)

இதுக்குப் பின்னால ஒரு பெரிய கணக்கே இருக்குங்க. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் நார்த்ஹாஸ் 1992-இல் ஒரு பொருளாதார மாதிரி அமைத்தார். 2018-இல் நோபல் பரிசும் பெற்றார். அந்த மாதிரிக்குப் பேர் என்ன தெரியுமா? டைஸ்! தமிழில் பகடை! (கைதட்டல்)

அவரும் புகைக்கு வரி போடச் சொன்னவர்தான். ஆனா, மெல்ல மெல்ல ஏத்தலாம் என்றார். ஏன்? வருங்கால நஷ்டத்தைச் சந்தை வட்டியை ஒட்டிக் கழித்தார். 100 வருஷம் கழிச்சு வரப்போற 100 ரூபாய் நஷ்டத்தை 4 சதவீதத்தில் கழிச்சுப் பாருங்க. இன்னைக்கு 2 ரூபாய்தான்!

பிரிட்டன் அரசுக்கு 2006-இல் அறிக்கை தந்த நிக்கோலஸ் ஸ்டெர்ன் வைத்தது 1.4 சதவீதம். அதே 100 ரூபாய், இப்ப 25 ரூபாய்! அதனால்தான், உலக வருமானத்தில் ஆண்டுக்கு 1 சதவீதம் இப்போதே செலவிடுங்கள். சும்மா இருந்தால் இழப்பு 5 முதல் 20 சதவீதம் என்று எச்சரித்தார்.

கடல் ஒண்ணுதான், வெயில் ஒண்ணுதான். வட்டி மாறினா தீர்ப்பே மாறுது! அப்ப அது வெறும் வட்டியா? பேரனுக்கு நாம போடுற விலை! அவன் கையில பணம் இருக்கலாம். கடலுக்குள்ள போன ஊரை எந்தக் கடையில வாங்குவான்?

தருமன் தம்பிகளை வைத்துப் பகடை ஆடினான். தம்பிகளாவது சபையில் இருந்தார்கள். நாம் வைத்து ஆடுவது, இன்னும் பிறக்காத பிள்ளைகளை! (பலத்த கைதட்டல்)