மாங்கேணியிலிருந்து முகத்துவாரம் வரை



கடற்பயணம் என்றதும் பாய்மரக் கப்பலில் உலகைச் சுற்றி வந்தோம் என்று எண்ணிவிடாதீர்கள். மாங்கேணிக் கரையில் ஒரு மீன்பிடி வள்ளம். அதில் நாங்கள் நால்வர். சுக்கான் பிடிக்க எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர். அவ்வளவுதான்.

1601ஆம் ஆண்டு மே மாதம் ஒல்லாந்திலிருந்து யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்னும் தளபதி மூன்று கப்பல்களுடன் புறப்பட்டார். கப்பல்களின் பெயர்கள் கடா, ஆடு, குட்டி! சமுத்திரம் தாண்ட வந்தது ஓர் ஆட்டுப் பட்டி. மறுவருடம் மே இறுதியில் மட்டக்களப்பை அடைந்தவர், மிளகும் கறுவாவும் நாடிக் கண்டிக்குச் சென்று, முதலாம் விமலதர்மசூரிய மன்னனைக் கண்டார். அவருக்குப் பின் வந்த செபால்ட் டி வேர்ட், 1603இல் அதே மன்னனுடன் பிணங்கி உயிரையே இழந்தார்.

இவர்கள் கடலிலிருந்து கண்ட கரையை நாங்களும் அவ்வாறே காண ஆசைப்பட்டோம். புறப்பட்டதும் வைகாசியில்தான். மார்கழி வாடையில் இக்கடல் எவரையும் அண்டவிடாது. கச்சான் காலத்தில் அடங்கிக் கிடக்கும்.

காயான்கேணி முருகைக்கற்களை அணுகியபோது எங்களில் ஒருவர் கைத்தொலைபேசியில் வரைபடத்தைப் பார்த்து, "நேரே போகலாம்" என்றார். பெரியவர் திரும்பியும் பார்க்கவில்லை. மேற்கே தூரத்தில் நின்ற குடும்பிமலையை நோக்கி, பின்பு கரையில் ஒரு பனையை நோக்கி, "கிறுகு மனே" என்றார். வள்ளம் விலகியது. சற்று நேரத்தில் இடப்புறம் நீருக்கடியில் கல் பழுப்பாய்த் தெரிந்தது. வரைபடத்தில் அங்கே வெறும் நீலம்!

அந்த மலைக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் 'பிரபுவின் தொப்பி'. அவர்களுக்குத் தொப்பி, எங்களுக்குக் குடும்பி, தலை ஒன்றுதான்.

பாசிக்குடா, கல்குடா கடந்து மட்டக்களப்பு முகத்துவாரத்தை அடைந்தோம். 1913இல் எழுந்த வெளிச்சவீடு தெரிந்தது. வாயிலோ மணல் மேடிட்டிருந்தது. பெரியவர் வெகுநேரம் அலையைப் பார்த்திருந்துவிட்டு, உள்ளே போக முடியாது என்றார். அக்காலத்துப் பெருங்கப்பல்களும் வெளியேதான் நங்கூரமிட்டன. நாங்களும் அவ்வாறே வெளியே நின்றுவிட்டு, பக்கத்துக் கரையில் இறங்கினோம்.

அங்கேதான் கேட்டோம்: "இந்தக் குறிகளெல்லாம் வேறு யாருக்குத் தெரியும், ஐயா?"

"எனக்கும் செத்துப்போன எங்கட அண்ணனுக்கும்" என்றார்.

மக்கள்மார் படித்து வெளியூர் போய்விட்டார்களாம். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை.

அன்று மாலை அவர் சொன்னவற்றில் பதினொரு குறிகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டோம். மிகுதியை அடுத்த வைகாசியில் சொல்வதாக வாக்களித்திருக்கிறார். வள்ளத்தில் இன்னும் இருவருக்கு இடமுண்டு.