தேக்கா மைனாவும் சுங்கை பூலோ பவளக்காலியும்



ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்கா பக்கம் போயிருப்பீர்கள். சிராங்கூன் சாலை நெரிசல், பூக்கடை வாசம், தலைக்கு மேலே மரங்களில் அடையும் மைனாக்களின் இரைச்சல். ஊரிலிருந்து புதிதாக வந்தவர் நிமிர்ந்து பார்த்து, "நம்ம ஊரு மைனாதானே!" என்பார். பறவை வழிகாட்டி ஒருவர் பக்கத்தில் இருந்துவிட்டால் போதும், "இல்லீங்க, நல்லாப் பாருங்க" என்று பாடத்தைத் தொடங்கிவிடுவார்.

ஊர் மைனா பழுப்பு நிறம். கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல் இருக்கும். இங்கே கூட்டமாகக் கத்துவது சாம்பல் கலந்த கறுப்பு. அலகின் மேல் சிறு கொண்டை. இது ஜாவா மைனா. 1920களில் கூண்டுப் பறவையாக இங்கு வந்து, வெளியேறிப் பெருகியது. பிடித்துப் பிடித்து விற்றதால் சொந்த ஊரான ஜாவாவில் அருகிவிட்டது. வந்த ஊரிலோ இதைத் தொல்லை என்கிறார்கள்!

இப்படிச் சொல்லித் தருகிறவர்கள் தொண்டூழியர்கள். சம்பளம் கிடையாது. வார நாளில் அலுவலகமோ வகுப்பறையோ. வாரக் கடைசியில் விடியற்காலையிலேயே கழுத்தில் பைனாகுலருடன் கிளம்பிவிடுகிறார்கள். வீட்டில் திட்டு வாங்காமலா இருப்பார்கள்?

பொழுதுபோக்குதானே என்று நினைத்துவிட வேண்டாம். சுங்கை பூலோ கதையைக் கேளுங்கள். கைவிடப்பட்ட இறால் குளங்கள் இருந்த இடம் அது. 1986இல் மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள், வலசை வரும் பறவைகள் அங்கே திரள்வதைக் கண்டார்கள். பார்த்து ரசித்ததோடு நிற்கவில்லை; இடத்தைக் காப்பாற்றும்படி அரசாங்கத்துக்கு எழுதினார்கள். 1989இல் அது இயற்கைப் பூங்கா என்று அறிவிக்கப்பட்டது. 1993 டிசம்பரில் அப்போதைய பிரதமர் கோ சோக் டோங் திறந்து வைத்தார். 2002இல் இயற்கை வனப்பகுதி என்ற சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது.

எல்லா முயற்சியும் பலித்துவிடவில்லை. பறவைகள் நிறைந்திருந்த செனோக்கோவுக்காக 1994இல் சுமார் 25,000 கையெழுத்துகள் திரட்டினார்கள். ஆனாலும் வீடுகளுக்காக அந்த இடம் போய்விட்டது. நிலம் குறைந்த நாட்டில் வீடும் வேண்டும், சதுப்பும் வேண்டும் என்றால் சுலபமா? ஆனால் எந்த இடத்தில் எந்தப் பறவை எத்தனை இருக்கிறது என்ற கணக்கு கையில் இல்லாவிட்டால், பேச்சையே தொடங்க முடியாது. அந்தக் கணக்கில் பெரும் பங்கு தொண்டூழியர்கள் எடுத்தது. வைக்கோல் நிறத் தலை கொண்ட புல்புல் ஒன்று உண்டு. இனிய குரலே அதற்கு எமன். கூண்டில் அடைப்பதற்காகப் பிடித்தே பல நாடுகளில் அழித்துவிட்டார்கள். புலாவ் உபினில் அது பெருகியிருப்பது தெரிய வந்ததும், ஆண்டுக்கணக்காக நடந்து நடந்து எண்ணியவர்களால்தான்.

சுங்கை பூலோவுக்குப் போக செப்டம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். அலை ஏறும் நேரம் பார்த்துப் போங்கள் என்பார்கள் வழிகாட்டிகள். இறக்கத்தில் பறவைகள் வெளிச்சேற்றில் சிதறி மேயும். நீர் ஏறிச் சேறு மூழ்கியதும் பழைய இறால் குளங்களுக்குள் ஒதுங்கும். அங்கே மதகுகளைத் திறந்து மூடித் தண்ணீரின் அளவைச் சரிசெய்து வைத்திருக்கிறார்கள். சிவந்த காலோடு நிற்பது பவளக்காலி. நம் கோடியக்கரைக்கும் வருகிற இனம்தான். இங்கே கருவி பொருத்தி விடப்பட்ட சில பவளக்காலிகள் இமயமலையைத் தாண்டித் திபெத்திய பீடபூமி வரை போயிருக்கின்றன. கைக்குள் அடங்கும் பறவை அது.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குக் குயில் இருக்கிறது. விடியுமுன் புளோக்கையே எழுப்பிவிடுகிறதே என்று எரிச்சல்படுகிறவர்கள் நிறைய. சினிமாப் பாட்டில் கூவுவது எப்போதும் பெண் குயில்தான். மரத்தில் 'குக்கூ' என்று கத்துவதோ கறுத்த ஆண். புள்ளி போட்ட பெண் குயில், காக்கை கூட்டை விட்டு நகரும் நேரத்துக்காக இலை மறைவில் காத்திருக்கும்.

பறவை பார்க்கப் போகும்போது ரொட்டித் துண்டு மட்டும் எடுத்துப் போகாதீர்கள். புறாவுக்கு இரை போட்டாலும் அபராதம் உண்டு.